ஓட்டுக் கேட்டு வந்த குரல்

ஜனவரி 10

அன்புள்ள தங்கைக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே?

நேற்றோடு வேட்புமனு வாபஸ் முடிந்தது. செய்தி உனக்குத் தெரிந்திருக்கும், சட்டசபை உறுப்பினரின் மனைவிக்குத் தெரியாததா? பெரிய எதிர்க்கட்சி இந்தத் தொகுதியில் ஆளே நிறுத்தவில்லை. மாப்பிள்ளைக்கு எதிராக மிஞ்சியிருப்பது இரண்டு பேர். ஒருவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர். அவர் கட்சி முழுவதையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அப்புறமும் இரண்டு பேர் காலை நீட்டி உட்கார இடமிருக்கும். இன்னொருத்தி மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். அவள் கட்சியின் பெயரை நான் மூன்று முறை கேட்டும் மனதில் நிற்கவில்லை.

இதற்குப் பெயர் தேர்தலா? எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் கயிறு இழுத்துவிட்டு ஜெயித்தேன் என்று மார்தட்டினால், கயிறு கூடச் சிரிக்கும்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டைப் பூட்டி ஒரு வருடமாகிறது. என் எதிர்வீட்டுத் தையல்காரரின் மருமகள் அடுத்த ஊருக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே பெற்றாள். தெருவில் அந்தக் குழந்தைக்கே 'ஆட்டோ' என்று பெயர் நிலைத்துவிட்டது. சபையில் இதைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டாரா? எதிரே பலமான ஆள் இருந்தால் கேட்டிருப்பார். இல்லாததால் கேட்கவில்லை. ஒரு நாளாவது இங்கே வந்து, தெருவில் நின்று, இதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று தடவை உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று தடவையும் அவருடைய காரியதரிசிதான் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க" என்றார். ஒரே நாளில் மூன்று முறை குளிக்க நீ என்ன வாத்தா? போகட்டும், தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு கம்பியில் எத்தனை காதுகள் தொங்கும் என்று தெரியும். கடிதமே மேல். பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கிறாயா?

இந்தக் குடியிருப்பில் பக்கத்து வீடு ரொம்ப நாளாகக் காலி. புறாக்கள் குடிவந்துவிட்டன. பகல் முழுக்க அவற்றின் சத்தந்தான் எனக்குத் துணை. திரைச்சீலைகளை மாற்றிவிட்டேன், பழையவை வெயிலில் வெளுத்துப்போயின.

அவருக்கு வேலை அதிகம். இந்த முறை வீடு வீடாகப் போக வேண்டியதில்லை என்று கட்சியிலேயே சொல்லிவிட்டார்கள். நீ கோபப்படாதே.

ஒன்று கேட்க வேண்டும். அத்தான் கடைசியில் படுத்த படுக்கையாக இருந்தபோது முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டாய்? அடுத்த வீட்டு அம்மாவின் கணவருக்காகக் கேட்கிறேன். பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சீக்கிரம் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை


பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

சௌக்கியம். உன் சுகத்தைக் கேட்டு எழுதினால் திரைச்சீலையின் சுகத்தை எழுதுகிறாய்.

அந்த அம்மாவிடம் சொல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும்தான். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. குதிகாலைத் தலையணையின் விளிம்பில் தூக்கி வைக்க வேண்டும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. மருந்து அப்புறம், முதலில் கை சுத்தம். தனியாகச் செய்ய வேண்டாம், இடுப்பு போய்விடும். எனக்குப் போனது போல.

பஞ்சர் கடைக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தார். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"நீங்க ஜெயிப்பீங்களா?"

"சத்தியமா ஜெயிக்க மாட்டேங்க."

"அப்புறம் எதுக்கு நிக்கறீங்க?"

"யாராவது நின்னாத்தாங்க தேர்தலே நடக்கும். இல்லாட்டி வாபஸ் அன்னைக்கே மாலையைப் போட்டு அனுப்பிடுவாங்க. ஓட்டுப் போடற சாக்குல ஜனங்க ஒரு நாளாவது வெளியில வந்து நாலு வார்த்தை திட்டட்டுமே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் பதினோரு பிழைகள். திருத்திக் கொடுத்தேன். "இதுல தப்பு மட்டும்தான் எங்க சொந்தச் சரக்கு, மிச்சமெல்லாம் பெரிய கட்சிகிட்டேருந்து எடுத்தது" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். தோற்கப் போகிற மனிதர் வெயிலில் நடந்து என் வாசலுக்கு வருகிறார். ஜெயிக்கப் போகிறவருக்கு என்ன கேடு? ஒரு நாள், ஒரே நாள் வரச் சொல். நன்றாகத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 12

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ எழுதியதை அப்படியே சொல்லிவிட்டேன். ரொம்ப உபகாரம்.

அவருக்குத் தொண்டை சரியில்லை. பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வர முடியவில்லை. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. நீ ஜாக்கிரதை.

தங்கை


பிப்ரவரி 21

தங்கைக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பை விசாரிக்கும் நிலையில் இன்று நான் இல்லை.

காலையில் மாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பிரச்சார வேன். நான்கு பக்கமும் மாப்பிள்ளையின் படம். ஒலிபெருக்கியில் அவர் குரல், நல்ல கணீர்க் குரல். தொண்டை சரியாகிவிட்டது போலிருக்கிறது, ஒரு வழியாக வந்துவிட்டார் என்று கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றேன். குரல் சொல்லிற்று:

"என்னைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி எதுக்குங்க? இதோ மேடையில என் பக்கத்துல உட்கார்ந்திருக்காரே என் மூத்த சகலை, இவர் ஒருத்தர் போதாதா? வீட்டுக்குப் போனா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் உன் அத்தான் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது ஒரு இருமல் வருமே, அந்த இருமலும் வந்தது. மூன்று வருடமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு, தெருவில், பத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

ஈரப் போர்வையோடு கீழே இறங்கினேன். முழங்கால் என்ன ஆயிற்று என்று தெரியாது. வேனுக்குக் குறுக்கே போய் நின்றேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

"என்னம்மா, நடு ரோட்டுல நிக்கறீங்க?"

"பேசறது யாரு?"

"நம்ம ஐயாதாம்மா."

"எங்கே அவர்?"

"பெட்டிக்குள்ள."

"பக்கத்துல உட்கார்ந்திருக்கறதாச் சொல்றாரே, அவரு எங்கே?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? பாட்டுப் போடுன்னா பாட்டு, பேச்சுப் போடுன்னா பேச்சு."

"அவர் செத்துப்போய் மூணு வருஷம் ஆச்சு. நான் அவர் சம்சாரம்."

அவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றான், உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் அடுத்த தெருவில் திரும்பியதும் மறுபடியும் ஆரம்பித்தது. என் புருஷன் மறுபடியும் சிரித்தார்.

அது போன தேர்தலில் பேசிய பேச்சு. நானும் அந்த மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்தேன். தொண்டை வலிக்காரரால் இத்தனை வாரத்தில் ஐந்து நிமிடம் புதிதாகப் பேசிப் பதிவு செய்ய முடியவில்லையா? வீட்டுக்கு வந்ததும் உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஒரே கடிதத்தில் பக்கத்து வீடு காலி என்கிறாய், அதே கடிதத்தில் அடுத்த வீட்டு அம்மாவின் கணவருக்குப் படுக்கைப் புண் என்கிறாய். புறாவுக்கா புண்?

யார் படுத்திருப்பது? எழுது.

அக்கா


மார்ச் 2

தங்கைக்கு,

பதில் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதையாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

பதிலுக்குக் காரியதரிசி நேரில் வந்தார். பளபளவென்று ஒரு சால்வையோடு.

"அம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம். நீங்க மேடையில சும்மா உட்கார்ந்தாப் போதும். குடும்பத்துல ஒருத்தர் இருந்தா ஜனங்களுக்கு ஒரு திருப்தி."

"வேட்பாளர் உட்காருவாரா?"

"ஐயாவுக்கு வேலை…"

"எந்தப் பக்கம் படுத்துக்கிட்டு வேலை பார்க்கறார்? இடது பக்கமா, வலது பக்கமா?"

அவர் சால்வையை மேஜை மேல் வைத்துவிட்டு, "அம்மா, உங்க தங்கச்சி நல்லா இருக்கணும்னு உங்களுக்கும் ஆசை இருக்கும்" என்றார். கேட்டாயா? என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை மிரட்டுகிறார். சால்வையை அவர் தோளிலேயே போட்டு, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

நீ எழுதாவிட்டால் நானே ரயிலேறி வருவேன்.

அக்கா


மார்ச் 7

அக்கா,

நீ வராதே. எழுதிவிடுகிறேன்.

நவம்பரில் ஒரு நாள் காலை முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. நாம் பேசுவது புரிகிறது என்று மருத்துவர் சொல்கிறார். கண்ணைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. வேட்புமனுவில் அவர் விரலைப் பிடித்து ரேகை வைத்தார்கள். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

கட்சித் தலைவரின் மருமகனுக்குத்தான் இந்தத் தொகுதி. ஆனால் மருமகன் மேல் உள்ள வழக்கு முடியாமல் அவரால் நிற்க முடியாது, அதற்கு இன்னும் நான்கு மாதமாவது ஆகுமாம். அதுவரை வேறு யாரையாவது நிறுத்தினால் அவர்கள் பிறகு இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்களாம். இவர் என்றால் பயமில்லை. ஜெயித்ததும் ராஜினாமா என்று இன்னொரு ரேகை, பிறகு மருமகன். பேருந்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்களே, அதுதான் இது. என் புருஷன்தான் அந்தத் துண்டு.

எதிர்க்கட்சிக்கும் தெரியும். பக்கத்துத் தொகுதியை அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும் அக்கா, ஓட்டுப் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

மருத்துவச் செலவு, ஊசி போட மட்டும் வந்துபோகிற நர்ஸ், இந்த வீடு எல்லாம் அவர்கள் கொடுப்பது. வெளியே சொன்னால் அன்றே நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிள்ளையில்லை, போக இடமில்லை. உன் காலில் விழுந்து கேட்கிறேன், வாக்குப்பதிவு முடியும் வரை வாயைத் திறக்காதே.

புண் ஆறிவருகிறது. நீ சொன்னபடிதான் செய்தேன்.

தங்கை


மார்ச் 10

என் அன்புத் தங்கைக்கு,

முதலில் இது. ராத்திரி நீ தூங்குகிறாயா? இடுப்பு எப்படி இருக்கிறது? நான்கு மாதமாகத் தனியாகப் புரட்டியிருக்கிறாய். அதை நினைத்தால் உன்னைத் திட்ட எடுத்த பேனா நகர மாட்டேன் என்கிறது.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும். போக இடமில்லை என்று எப்படி எழுதினாய்? நான் என்ன செத்தா போய்விட்டேன்? என் வீட்டு முன்னறையில் உன் அத்தான் படுத்திருந்த கட்டில் இன்னும் இருக்கிறது. என் ஓய்வூதியத்தில் மூன்று பேர் உயிர் வாழலாம், வசதியாக இல்லாவிட்டாலும் மானமாக.

நான்கு மாதத்தில் யாராவது அவரிடம் இது வேண்டுமா என்று கேட்டீர்களா? தலைவரும் காரியதரிசியும் கேட்க மாட்டார்கள். துண்டிடம் யார் சம்மதம் கேட்பார்கள்? நீ கேட்டாயா? காது கேட்கிறது, புரிகிறது என்கிறாய். புரிகிற மனிதனின் விரலைப் பிடித்து அழுத்தினார்களே! நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவரும் விடாமல் திருப்பிச் சண்டை போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர்.

வெள்ளிக்கிழமை பஞ்சர் கடை வாசலில் கூட்டம். நான் பேசப் போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன் என்பதால் எழுதுகிறேன். நீ என்னைச் சபித்தாலும் சரி. ஆட்டோவில் பிள்ளை பெற்ற பெண்ணின் எதிர்வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் ஓட்டு யாருக்குப் போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

முன்னறையைப் பெருக்கித் துடைத்துவிட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இதற்குப் பதில் எழுது.

அக்கா


மார்ச் 28

தங்கைக்கு,

உடம்பு இருக்கிறது. நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

பஞ்சர் கடை வாசலில் ஒரு முக்காலி மேல் நின்று பேசினேன். முப்பது பேர் இருக்கலாம், அதில் பாதிப் பேர் பேருந்துக்கு நின்றவர்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "நீங்கள் ஓட்டுப் போடப் போவது என் தங்கை கணவருக்கு இல்லை, அவரைத் துண்டாகப் போட்டு இடம் பிடிப்பவருக்கு" என்றேன். பேருந்து வந்தும் யாரும் ஏறவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், முட்டாள்.

மறுநாள் காலையில் சுவரெல்லாம் புதிய சுவரொட்டி. 'மக்களுக்காகப் பேசிப் பேசியே குரலை இழந்த தியாகி.' சக்கர நாற்காலியில் அவர் படம். ஒளித்து வைத்திருந்ததை ஒரே ராத்திரியில் கடைபரப்பிவிட்டார்கள். தியாகமாம்! குளியலறையில் விழுந்த மனிதரை மேடையில் விழுந்ததாக ஆக்கிவிட்டார்கள். வேனில் இப்போது பேச்சுக்குப் பதில் சோக வாத்தியம்.

வாக்குப்பதிவன்று தையல்காரர் மையை ஊதிக்கொண்டே வந்தார்.

"பாவங்க்கா, கஷ்டமாப் போச்சு. இந்த ஒரு தடவை ஐயாவுக்கே போட்டுட்டேன்."

"உங்க பேரன் பொறந்தது எங்கே?"

"அது வேறங்க்கா. இது வேற."

"எப்படி வேற?"

"நீங்க ரொம்பப் படிச்சவங்க. உங்களுக்கு இது புரியாது."

போன முறையைவிட இரண்டு மடங்கு வித்தியாசத்தில் மாப்பிள்ளை ஜெயித்தார். பஞ்சர் கடைக்காரருக்கு டெபாசிட் போயிற்று. "உங்க பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, அடுத்த தடவை தயவுசெஞ்சு அவங்களுக்குப் பேசுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது.

அவர்கள் உன்னை ஏதாவது செய்தார்களா? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 11

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன்.

உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. சுவரொட்டிக்கு நாங்கள் தேவைப்பட்டோம், அதனால் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள்.

நேற்றுப் பதவிப் பிரமாணம். உறுதிமொழியை அலுவலர் வாசிப்பார், இவர் தலையை அசைத்துக் காகிதத்தில் ரேகை வைத்தால் போதும் என்று ஏற்பாடு. காலையில் சட்டை மாட்டும்போது நீ கேட்டதை நான் கேட்டேன். "உங்களுக்கு இது வேணுமா?" என்றேன். நவம்பரிலிருந்து அவரைச் 'சாப்பிடறீங்களா' என்று கேட்டிருக்கிறேன், 'வலிக்குதா' என்று கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. என்னையே பார்த்தார். இடது கையால் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அதற்குள் காரியதரிசி வந்துவிட்டார். பொத்தானைத் திரும்பப் போட்டு அழைத்துப் போய்விட்டார்கள்.

நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அவரை உருட்டிக்கொண்டு வந்ததும் சபையே எழுந்து நின்று கை தட்டியது, எதிர்க்கட்சி உட்பட. அலுவலர் வாசித்தார். மடியில் காகிதத்தை வைத்தார்கள். அவர் இடது கையால் அதன் ஓரத்தைப் பிடித்துத் தள்ளினார், கீழே விழுந்தது. காரியதரிசி குனிந்து எடுத்து, "ஐயாவுக்குக் கை நடுங்குது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு மறுபடியும் வைத்தார். மறுபடியும் தள்ளினார். யாரோ 'த்சொ த்சொ' என்று பரிதாபப்பட்டார்கள். மூன்றாவது முறை காரியதரிசி அவர் கட்டை விரலையே கையில் எடுத்தார்.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது அக்கா. என் குரல்தான் முதலில் எனக்குக் கேட்டது.

"கை நடுங்கல! அவருக்கு வேண்டாமாம்! விரலை விடுங்க!"

இரண்டு காவலர்கள் என்னைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். கதவு மூடும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே அண்ணாந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தார். பாதி முகந்தான் அசையும். அந்தப் பாதி சிரித்தது.

சபை முழுவதும் கேட்டுவிட்டதால் அப்புறம் ரேகை வாங்க யாரும் துணியவில்லையாம். பிரமாணம் எடுக்காததால் இடம் காலி என்று மாலையில் அறிவித்தார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். நர்ஸை நேற்றே நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை ரயிலில் வருகிறோம். நீ தனியாக ரயிலடிக்கு வராதே, அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கைக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் நீயே கிளம்பியிருக்கலாம். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மிகவும் நன்றாக இருக்கிறேன்.

பஞ்சர் கடைக்காரரும் தையல்காரரும் ரயிலடிக்கு வருவார்கள். தையல்காரர் தானாகவே வந்து கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இடைத்தேர்தலுக்கு எல்லாப் பெரிய கட்சிகளும் இந்தத் தொகுதியில் நிற்கின்றனவாம். சபையில் நீ கத்தியதில் அவர்கள் ஒப்பந்தம் சந்தி சிரித்த பிறகு யாருக்கும் ஒதுங்கி நிற்கத் தைரியம் இல்லை. பூட்டின வார்டை ஆளுக்கு ஆள் போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பூட்டை மட்டும் இன்னும் ஒருவரும் திறக்கவில்லை.

இன்று காலை எதிர்க்கட்சியிலிருந்து ஒரு இளைஞர், வெள்ளை வேட்டி, கையில் பழக்கூடை. "ஐயா எங்களை ஆதரிக்கறதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்களே ஐயா சார்பில சொல்லிட்டாக்கூடச் சரிம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, பழக்கூடையோடு அவரையும் தூக்கித் தெருவில் வைத்திருப்பேன். அடக்கிக்கொண்டு சொன்னேன்:

"வியாழக்கிழமை வர்றார். அவரையே கேளுங்க. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு எதிரில உட்காருங்க. பதில் வர நேரமாகும். வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

ரயிலில் அவருக்கு ஜன்னலோரம் கொடு. நீயும் கொஞ்சம் கண்ணயர்ந்து வா.

அக்கா